தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் இரண்டு?

லண்டனிலிருந்து நியூயார்க் போக விமானத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வர ஏழு மணி நேரமே போதும். தூரம் என்னவோ இரண்டு பக்கமும் 5,540 கி.மீ.தான். பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுவதால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க் எதிரே வந்துகொண்டிருக்கும், அந்தப் பயணம்தானே சீக்கிரம் முடிய வேண்டும்? நடப்பது நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றில்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், பூமியின் ஆரத்தை 6,371 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். கிடைப்பது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடம் இங்கே கண்ணை ஏமாற்றிவிடும். டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்குப் பசிபிக் கடலின் குறுக்கே நேர்கோடு போடத்தான் கை போகும். உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே ஏறி அலாஸ்கா பக்கமாகப் போகும். அந்த வழி சுமார் 10,800 கி.மீ. வரைபடத்து நேர்கோட்டில் போனால் ஏறக்குறைய 2,000 கி.மீ. கூடுதல்.

சரி, நேரம்? பயணிகள் ஜெட் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்கிறோம். அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்தால் தரையைப் பொறுத்த வேகம் மாறிவிடும். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து உண்டாக்கும் காற்று இது. ஆக, சுழற்சிக்கும் பங்கு உண்டு, சுற்றி வளைத்து.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. காற்றைப் பொறுத்தவரை வழக்கமான வேகம்தான்.

போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது! 5,500 கி.மீ., விமான வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். காற்றோடு 5 மணி 30 நிமிடம், எதிர்த்து 6 மணி 52 நிமிடம். மொத்தம் 12 மணி 22 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 13 நிமிடம். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் இந்த நஷ்டம் ஈடாவதே இல்லை. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் வடக்கு அட்லாண்டிக்கில் அன்றன்றைய காற்றைப் பார்த்து வான்தடங்களைத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள்.

வான்வெளி மூடப்பட்டால் தூரமே மாறிவிடும். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியதும் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து சுமார் பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாயிலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பதுவரை எல்லாம் அதில் அடக்கம். தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால், பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள். கிழக்கே போகிறீர்களானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், மேற்கே என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.