அக்ரிமென்ட் வைத்திருப்பவர் நிலத்தின் உரிமையாளர் அல்லர்

பின்னர் விற்றுத் தருவதாக உரிமையாளர் எழுதிக் கொடுத்த வெறும் கிரய ஒப்பந்தத்தை (அக்ரிமென்ட்) கையில் வைத்துக்கொண்டு மனை விற்கும் இடைத்தரகரிடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, உரிமையாளர் பத்திரம் எழுதித் தர மறுக்கிறார் என்று வழக்கறிஞரைத் தேடி வருவோர் தமிழ்நாட்டில் இன்னும் குறைந்தபாடில்லை. எல்லாரும் தவறாமல் எடுத்து நீட்டுவது, சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று. "தரகர் பெயர்தான் வந்திருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கிறார்கள்.

பெயர் வந்திருப்பது உண்மைதான். அதே பதிவில் அந்த ஆவணத்தின் தன்மை கிரயமா, உடன்படிக்கையா என்றும் அச்சிட்டிருக்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54ஆவது பிரிவில், விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று தமிழ்நாடு 2012இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது என்றாலும், பதிவு செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே. சார்பதிவாளரின் முத்திரை விழுந்ததால் அது கிரயப் பத்திரமாகிவிடாது.

"தங்களுக்கோ தாங்கள் சொல்லும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் இருக்கும் வரியைக் காட்டித்தான் பெரும்பாலும் மறுவிற்பனை நடக்கிறது. அந்த வாக்குறுதி தரகருக்கு உரிமையாளர் கொடுத்தது; தரகருக்கு நீங்கள் கொடுத்த பணம் உரிமையாளரின் கணக்கில் ஏறாது. ஒப்பந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது பொதுவாகச் சட்டவிரோதம் அன்று. ஆனால் அதை எழுத்தில் செய்யவேண்டும். உரிமையாளர், தரகர், நீங்கள் என மூவரும் கையெழுத்திடுவதே பாதுகாப்பு.

உரிமையாளர் தன் சார்பில் செயல்பட ஒரு முகவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரமும் இப்படித்தான். அதனால் மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்துவிட்டது. முகவர், உரிமையாளரின் சார்பில் முறையான கிரயப் பத்திரம் எழுதித் தரலாம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆகவே பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள்.

மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுக்கும் பணம் வங்கி வழியாகவே செல்லட்டும்; சொத்து விற்பனைக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடை செய்கிறது. மீதித் தொகையைப் பதிவு நடக்கும் நாளில் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் கிரயத்திற்குக் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அதை நிறைவேற்றக் கோரி வழக்குத் தொடரவேண்டும். தேதி குறிக்கவில்லையென்றால், மறுத்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கெடு ஓடும். தரகர் "அடுத்த மாதம்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலத்தைக் கடத்திவிடுவார்; தயவுசெய்து அதற்கு முன்பே வந்துவிடுங்கள்.