முருங்கைப் புழுவும் அதன் குடலும்

முருங்கைக்குக் குளிர் ஆகாது. நுவரெலியாவில் வைத்தால் தேறுவது கஷ்டம். பதுளை, மாத்தளை மாதிரி வெயில் விழும் தாழ்ந்த பக்கங்களில் லய வீடுகளுக்குப் பின்னால் நன்றாகவே வரும். மழைக்குப் பிறகு அதில் கம்பளிப்பூச்சி ஏறினால் சில நாட்களில் மரம் மொட்டை. உடனே கைக்கு வருவது மரக்கறிக்கு வாங்கிய மருந்துதான். தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். அந்த இலையைத்தான் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம்.

இன்னொரு காரணம் தேயிலை மலையிலேயே இருக்கிறது. தேயிலை இலையைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழுவை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் குடம்பிகள் புழுவை உள்ளிருந்தே தின்னும். புழு அடங்கியது. அப்புறம் 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது குளவிகளும் செத்தன. சுருட்டுப்புழு மறுபடி பெருகியது. எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து முதலில் நமக்கு உதவும் பூச்சியைத்தான் எடுக்கிறது.

பி.டி. எனப்படும் மருந்து வேறு மாதிரி. பெசிலஸ் துரிஞ்சென்சிஸ் என்ற பக்டீரியா உருவாக்கும் புரதப் படிகம் அதில் இருக்கிறது. புழு இலையோடு சேர்த்து அதை விழுங்க வேண்டும். புழுவின் குடல் கடுமையான காரத்தன்மை உடையது. அங்கேதான் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் அதை வெட்டியதும் அது நஞ்சாகி, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. இலையைத் தின்னாத குளவிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

குட்டிப் புழுக்களிடம் இது நன்றாக வேலை செய்யும், முற்றியவை தாங்கிவிடும். வெயில் படிகத்தைச் சிதைக்கும், மழை கழுவிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை வழக்கம் என்பதால், மழை விட்டு இலை காய்ந்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் லேபலில் உள்ள அளவுப்படி விசிறுங்கள். கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருந்தால் மருந்தே வேண்டாம். கையை மூடிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் சுரண்டித் தள்ளினால் போதும்.

விசிறிய மறுநாளும் புழு உயிரோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டாம். சில மணி நேரத்திலேயே அது தின்பதை நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மரத்தடியில் புழுவின் புதிய எச்சம் விழுகிறதா என்று பாருங்கள்; விழவில்லை என்றால் மருந்து உள்ளே போய்விட்டது.