மிதமா, லேசா?

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள மகனுக்காக மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையை என் அண்ணன் மகள் கொண்டுவந்து காட்டினாள். 'மிதமான ஒவ்வாமை' என்று ஒரு தலைப்பு: வாயைச் சுற்றி நமைச்சல், நாலைந்து தடிப்பு. அடுத்த தலைப்பும் 'மிதமான ஒவ்வாமை'தான்: உடம்பெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி. "இவனுக்கு வந்தது எந்த மிதம், சித்தப்பா?" என்று கேட்டாள். மைல்ட், மாடரேட் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். இதை நான் பார்ப்பது முதல் முறை அல்ல.

ஒவ்வாமை நல்ல சொல். ஒவ்வு என்றால் பொருந்து. சிக்கல் அதன் அடைமொழியில். மிதம் வடமொழிச் சொல், அளந்தது என்று பொருள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'மித வேகம் மிக நன்று' என்று சாலையில் எழுதியிருப்பது நம்மை ஊர்ந்து போகச் சொல்வதற்காக அல்ல. ஆகவே மிதம் மாடரேட்டுக்கே உரியது. மைல்டுக்கு லேசு. வானிலை அறிக்கையில் 'லேசானது முதல் மிதமான மழை' என்று தினமும் கேட்கிறோமே. 24 மணி நேரத்தில் 15.5 மில்லிமீட்டர் வரை லேசு, 64.4 வரை மிதம், அதற்கு மேல் கனமழை. அங்கே யாருக்கும் குழப்பமில்லை.

லேசும் வடமொழி வழி வந்ததுதான் என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'மென் ஒவ்வாமை' என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. மென்மை தொட்டு அறிவது, அல்லது குணம். 'மென்' என்று முன்னால் ஒட்டினால் அளவு தெரியாது, மென்பொருள் போல அது ஏதோ தனி வகை என்றே தோன்றும். சரி, இளஞ்சூடு, இளவெயில் இருக்கிறதே, 'இள' போடலாமா? அழகான சொல்தான். ஆனால் இளம்பிள்ளைவாதம் பழகிய காதுக்கு 'இள ஒவ்வாமை' குழந்தைகளுக்கு வரும் ஒவ்வாமை என்றுதான் கேட்கும். 'லேசா காய்ச்சல் அடிக்குது' என்று பாட்டி சொல்லும் சொல்லை ஏன் விரட்ட வேண்டும்?

இவற்றுக்கும் மேலே உள்ள சிவியருக்குத் 'தீவிரம்' வேண்டாம். திடீரென வருவதைச் சொல்லும் அக்யூட்டுக்கும் அதையே போடுகிறார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவின் இன்டென்சிவுக்கும் அதையே போடுகிறார்கள். கடுமை என்றால் போதும்.

ரிங், மெஸ்மர் என்ற இரு மருத்துவர்கள் ஒவ்வாமையின் கடுமையை அளக்க 1977-இல் வகுத்த அளவுகோலில் சொல்லுக்குப் பதில் எண்களே இருக்கின்றன: தோலோடு நின்றால் ஒன்று, மூச்சோ இதயமோ நின்றுபோனால் நான்கு. மொழிபெயர்ப்பாளர்கள் படியை மறந்துவிட்டு வரி வரியாகச் சொல் தேடுகிறார்கள். ஒவ்வாத உணவைத் தின்றபின் தடிப்போடு வாந்தியும் சேர்ந்தால் தொடையில் அட்ரினலின் ஊசி போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அந்த வாந்திதான் துண்டறிக்கையில் இரண்டாவது 'மித'த்துக்குக் கீழே கிடந்தது.