கண்ணாடி தடுக்காத வெயில்

பல வருடங்களாகக் கார் ஓட்டுபவர்களை இரண்டு கைகளையும் அருகருகே நீட்டச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், வலது கை கூடுதலாகக் கறுத்து, திட்டுத்திட்டாக இருக்கும். "ஏசி போட்டு, கண்ணாடிய ஏத்திட்டுத்தான் டாக்டர் ஓட்டுறேன். வெயிலே படாது" என்பார்கள். வெயில் படுகிறது. சுடவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். அவர் முகத்தின் இடது பாதி தடித்து, ஆழமாகச் சுருங்கிப்போயிருந்தது.

புற ஊதாக் கதிர்களில் நம்மிடம் வந்து சேருபவை இரண்டு வகை. தோலைச் சிவக்கவைத்து எரிச்சல் தருவது பெரும்பாலும் யு.வி.பி. சாதாரணக் கண்ணாடியே அதை நிறுத்திவிடும். (ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையைக் கிடத்தி வெயில் காட்டுவதில் வைட்டமின் டி கிடைக்காததும் இதனால்தான்.) 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள யு.வி.ஏ. அவ்வளவாகச் சுடாது. ஆனால் மேல்தோலைத் தாண்டி, தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜன் இருக்கும் உள்தோல் வரை போகும். காரின் முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது என்பதால் யு.வி.ஏ.வையும் பெருமளவு தடுத்துவிடும். பல கார்களில் பக்கக் கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை.

சரி, உள்ளே போய் அது என்ன செய்கிறது? செல்லுக்கு எரிசக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, உட்கருவில் இருப்பது போக, சொந்தமாக ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. 16,569 எழுத்துகள் (டி.என்.ஏ.வை வரிசையாகக் கோத்திருக்கும் வேதிப்பொருள்களை அப்படிச் சொல்வோம்), 37 மரபணுக்கள். ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள். யு.வி. பட்டு டி.என்.ஏ.வின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொண்டால், உட்கருவில் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் ஏற்பாடு இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை. வேறு சில பழுதுகளை மைட்டோகாண்ட்ரியா சரிசெய்துகொள்ளும், இதை முடியாது.

யு.வி.ஏ. இன்னொரு வழியிலும் தாக்குகிறது. செல்லுக்குள் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது. அதன் விளைவாக 4,977 எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய துண்டு சில பிரதிகளிலிருந்து அப்படியே காணாமல் போகும். ஜெர்மன் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் புட்டத் தோலில், வழக்கமாக வெயிலே படாத இடத்தில், இரண்டு வாரம் யு.வி.ஏ. பாய்ச்சிப் பார்த்தார்கள். இந்த இழப்பு அங்கே கூடியது. கதிரை நிறுத்தி 16 மாதங்கள் ஆன பிறகும் அதன் தடயம் போகவில்லை.

தோல் சுருங்குவதற்கு இந்த இழப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கொலாஜனை அரிக்கும் நொதிகள் கூடுவது உட்பட வேறு வேலைகளும் கூடவே நடக்கின்றன. ஆனால் வெயில் எவ்வளவு பட்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. 'மைட்டோகாண்ட்ரியாவைப் புதுப்பிக்கும்' என்று விற்கும் கிரீம்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்பதும் என் கருத்து.

மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருவது என்று படித்துவிட்டு, "அப்போ என் பொண்ணுக்கும் இது போகுமா?" என்று பயப்படுபவர்கள் உண்டு. போகாது. பாதிப்பு தோல் செல்லில். குழந்தைக்குப் போவது கருமுட்டையில் இருப்பது.

நம் நிறம் ஓரளவு காக்கும், முழுதாக அல்ல. சுருக்கம் தாமதமாக வரலாம், கருந்திட்டு முந்திக்கொள்ளும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது முக்கியமாக யு.வி.பி.க்கான கணக்கு. யு.வி.ஏ.வுக்கு 'பி.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறிகள் இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசுங்கள். நாள் முழுக்க வண்டி ஓட்டுபவருக்கு அதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது, நெருக்கமாக நெய்த துணியில் முழுக்கைச் சட்டை.