புகையிலைக்குச் சுண்ணாம்பு எதற்கு?

கட்டட வேலைக்கும் நடவுக்கும் போகிறவர்கள் புகையிலை போடுவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளங்கையில் இலையை வைத்து, சுண்ணாம்பைத் தடவி, கட்டைவிரலால் நன்றாகக் கசக்கிய பிறகுதான் கன்னத்தில் அதக்கிக்கொள்வார்கள். சுண்ணாம்பு குறைந்தால் "பிடிக்கவே இல்ல" என்பார்கள். அந்தப் பேச்சில் சரியான வேதியியல் இருக்கிறது.

இலையிலுள்ள போதைப்பொருளான நிகோடின் அமிலச் சூழலில் மின்னூட்டம் ஏற்று நிற்கும். அப்போது கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்ட அதனால் முடியாது. காரத்தன்மை கூடக்கூட மின்னூட்டத்தை இழந்து உள்ளே நழுவிவிடும். அமிலமா காரமா என்று காட்டும் அளவு பி.எச்.; அது கூடினால் காரம் கூடுகிறது என்று பொருள். நம் எச்சிலின் பி.எச். ஏறக்குறைய 7. அந்த அளவில் பத்தில் ஒரு பங்கு நிகோடின்தான் நழுவக்கூடிய நிலையில் இருக்கும். பி.எச். 8 ஆனால் பாதி. 9 ஆனால் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு செய்யும் வேலை இதுதான். கூடவே கன்னத்தின் உட்தோலையும் அரித்துப் புண்ணாக்குகிறது. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகள் படிவது அந்தப் புண்ணின் மேல்.

ரத்தத்தில் கலந்த நிகோடின் மூளைக்குப் போய், அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டுவதற்கென்று இருக்கும் ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்கிறது. இன்ப உணர்வைத் தூண்டும் டோபமின் சுரக்கிறது, களைப்பு மறக்கிறது, பசி மட்டுப்படுகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். நிகோடினோ ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். தூங்கி எழுவதற்குள் பெரும்பகுதி வடிந்திருக்கும். பெருகிய ஏற்பிகள் காலியாகக் காத்திருக்கும். விடிந்ததும் எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் நிற்காத தவிப்பு. "போட்டாத்தான் வேலை ஓடும்" என்பவருக்குக் கிடைக்கும் தெம்பில் பெரும்பகுதி, புகையிலையே மூட்டிய இந்தத் தவிப்பு தணிவதுதான்.

"மனசு வச்சா விட்டுடலாம்" என்று வீட்டில் குத்திக்காட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விட்ட முதல் 2, 3 நாட்கள்தான் தவிப்பின் உச்சம். மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை பக்கத்தில் ஆள் வேண்டும். அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பழக்கத்தைக் கைவிட மருத்துவர் நிகோடின் சூயிங்கம் பரிந்துரைத்தால் ஒன்றை மறக்க வேண்டாம். அதிலும் காரப்பொருள் உண்டு. சுண்ணாம்புபோல வாயை அரிக்காத கார்பனேட் உப்பு. காபியோ எலுமிச்சைச் சாறோ குடித்த 15 நிமிடத்துக்குள் அதை மென்றால், வாயிலுள்ள அமிலம் நிகோடினை உள்ளே விடாது. இது தெரியாமலேயே "கம் வேலை செய்யல" என்று பழைய பொட்டலத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். விடாமல் மெல்லவும் கூடாது. சுறுசுறுவென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும்.