பானை வாயில் வைத்த ஸ்பீக்கர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில்தான் எங்கள் வீட்டில் ரேடியோ பாடியது. அந்த ரேடியோவின் பெட்டி உடைந்துபோய் ஸ்பீக்கர் மட்டும் வயரில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், சத்தம் தகரத்தில் நகத்தால் கீறுவது போல இருக்கும். ஒருநாள் மாமா குசினிக்குள் போய் ஒரு மண்பானையை எடுத்து வந்து, அதன் வாயில் அந்த நாலு இஞ்சி ஸ்பீக்கரை மேல்பார்க்க வைத்து, விளிம்பைச் சுற்றிப் பழைய துணியைத் திணித்தார். அதே ரேடியோ, அதே டைனமோ. ஆனால் செய்தி வாசிப்பவருக்கு நெஞ்சு முளைத்தது போல இருந்தது, முற்றத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பின்னால வாற சத்தத்தை மறிச்சாத்தான் தம்பி, முன்னால வாறது கேட்கும்" என்றார் மாமா. ஸ்பீக்கர் பற்றி நான் பிறகு படித்ததெல்லாம் இந்த ஒரு வரிக்கான விளக்கம்தான். குறைந்த காசில் வீட்டுக்கு நல்ல பாட்டுசெட் ஒன்று செய்ய நினைக்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். கடையில் போய் எத்தனை வொட்ஸ் என்று கேட்காதீர்கள், பொக்ஸைப் பாருங்கள்.

ஸ்பீக்கருக்குள் நடப்பது எளிமையானது. ஒரு கடதாசிக் கூம்பு, அதன் அடியில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. ரைஸ், கெலாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியியலாளர்கள் 1925இல் வெளியிட்ட அமைப்புத்தான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் நம் மேசையில் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்று தளர்கிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். ஸ்பீக்கர் வெறுமனே தொங்கினால் மேட்டுக் காற்று விளிம்பைச் சுற்றி ஓடிப் பள்ளத்தை நிரப்பிவிடும், நம் காதுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்படியென்றால் கீச்சுச் சத்தம் மட்டும் ஏன் கேட்கிறது? நம் ஊர்ச் சூட்டில், 30 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீற்றர் ஓடுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின், ஓர் அலை ஏறக்குறைய மூன்றரை மீற்றர் நீளம். கூம்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குச் சுற்றி வரும் பாதையோ ஒரு சாண்தான், அந்த நீளமான அலைக்கு இது ஒரு தூரமே இல்லை, அதனால் இரண்டும் அப்படியே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 5000 ஹெர்ட்ஸில் அலை 7 சென்ரிமீற்றர்தான், அது சுற்றி வருவதற்குள் முன்பக்க நிலைமை பலமுறை மாறிவிடும். ஆகவே உயர்ந்த சுருதி தப்பிக்கிறது, பேஸ் என்கிற தாழ்ந்த சுருதி செத்துப்போகிறது. நீங்களே செய்து பார்க்கலாம்: ஒரு பெரிய காட்போட் மட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரை அந்த ஓட்டையில் அழுத்திப் பிடியுங்கள், எடுங்கள், மறுபடி பிடியுங்கள். மட்டையில் பட்ட நொடியில் பேஸ் வந்து நிற்கும்.

பொக்ஸ் அந்த மட்டையின் மடித்த வடிவம். ஆனால் மூடிய பொக்ஸுக்குள் அடைபட்ட காற்று சும்மா இருக்காது, சைக்கிள் பம்பின் வாயைப் பொத்திக்கொண்டு அடித்தால் கைக்குத் தெரியுமே, அது போன்ற ஒரு சுருள்வில் ஆகிவிடும். பொக்ஸ் எவ்வளவு சின்னதோ அவ்வளவு விறைப்பு, அவ்வளவு பேஸ் குறைவு. மாமாவின் பானையிலும் இந்த விறைப்பு இருந்தது. கூம்பும் உள்ளே இருந்த காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் அளவுக்கு மீறி அதிர்ந்தன. ஆண் குரல் எல்லாம் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல ஒரே மாதிரி முழங்கியது அதனால்தான்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. வெறும் சோடாப் போத்தலின் வாய்க்குக் குறுக்கே ஊதினால் ஊம் என்று ஒரு சத்தம் வருமே, கள்ளு முட்டியில் ஊதினால் இன்னும் தாழ்வாக வரும். கழுத்தில் இருக்கும் காற்று ஒரு பாரம், வயிற்றில் இருக்கும் காற்று ஒரு வில், இரண்டும் சேர்ந்து ஊஞ்சலாடுகின்றன. இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வு என்று பெயர். பொக்ஸில் ஒரு குழாயைப் பொருத்தினால் பொக்ஸும் ஒரு போத்தல்தான். நாம் வீணாக்கிய பின்பக்க ஒலி, அந்த ஒரு சுருதியை ஒட்டிக் குழாய்க் காற்றை ஆட்டி, திசை திரும்பி, கூம்பின் முன்பக்க ஒலியோடு சேர்ந்தே வெளியே வருகிறது. எதிரியாக இருந்தது துணைக்கு வந்துவிட்டது! அந்தச் சுருதியில் கூம்பு அசைவதே குறைந்துவிடும், வேலை முழுக்கக் குழாய்க் காற்றுத்தான் செய்யும். பேஸ் அடிக்கும்போது குழாய் வாயில் கையை வைத்துப் பாருங்கள், விசிறி போலக் காற்று அடிக்கும்.

நான் செய்த பொக்ஸின் உள்ளளவு 40, 30, 25 சென்ரிமீற்றர், அதாவது 30 லீற்றர். உள்விட்டம் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் உள்ள எஸ்லோன் (பி.வி.சி) பைப்பில் 10 சென்ரிமீற்றர் வெட்டிப் பொருத்தினால் குழாய் சுமார் 45 ஹெர்ட்ஸில் பேசும். பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், ஆகவே இது மோசமில்லை. பைப்பை நீளமாக்கினால் சுருதி இறங்கும், அகலமாக்கினால் ஏறும். ஆனால் எல்லா ஸ்பீக்கருக்கும் 30 லீற்றர் பொருந்தாது. அவுஸ்திரேலியாவின் தீல் என்பவரும் அவருக்குப் பின் ஸ்மோல் என்பவரும் அறுபது, எழுபதுகளில் இதற்கான கணக்கைச் செய்து வைத்தார்கள், கூம்பின் பாரம், இளக்கம் போன்றவற்றைச் சொல்லும் சில எண்களை வைத்தே எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பொக்ஸ் என்பதைக் கணிக்கலாம். இந்த எண்களோடு விற்கிற ஸ்பீக்கரையே வாங்குங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப் பலகை மலிவு, ஆனால் கார்த்திகை மழையில் ஈரம் பட்டால் ஊதிவிடும். வேப்பம்பலகை வீட்டில் இருந்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது, ஆனால் அது காய்ந்து சுருங்கும்போது மூட்டுகள் வாய் திறந்துவிடும். என் முதல் பொக்ஸ் அப்படித்தான் ஒவ்வொரு பேஸுக்கும் உஸ் என்று மூச்சு விட்டது. எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பாட்டை ஓடவிட்டு, மூட்டுகளை ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை, கீழ் மூலையில் ஓரிடத்தில் மட்டும் மேளத்துக்கு ஏற்ப வெட்டி வெட்டி ஆடியது. அங்கே சிலிக்கன் பூசினேன், சரியாகிவிட்டது. உள்ளே சுவர்களில் பழைய தலையணையின் இலவம்பஞ்சை மெல்லிய துணியில் கட்டி ஒட்டலாம், குழாய் வாயை மட்டும் மறைக்கக்கூடாது.

இனி வொட்ஸ். சாதாரண ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை, மீதி எல்லாம் சூடு. அப்படியிருந்தும் ஒரு வொட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் தருகிறது (டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு), நாம் பேசுவது ஏறக்குறைய 60தான். வொட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வொட்ஸ் வேண்டும். டைனமோவில் ஓடிய எங்கள் ரேடியோ முற்றம் வரை கேட்டதற்கும், மார்கழி விடியலில் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேட்பதற்கும் காரணம் வொட்ஸ் இல்லை. கோயில் ஸ்பீக்கரின் அந்த விரிந்த வாய், சின்னத் தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு நன்றாகக் கோத்துவிடுகிறது, அவ்வளவுதான். கடையில் 3000 வொட்ஸ் என்று எழுதி ஒரு பெட்டியைக் காட்டினால், பின்பக்கம் திருப்பி அது சுவரிலிருந்து எத்தனை வொட்ஸ் இழுக்கிறது என்று பாருங்கள். 40 இழுக்கிற பெட்டி 3000 கொடுக்க முடியாது.

அம்பிளிபயருக்கு, அதிகம் சூடாகாத டி வகுப்புச் சிப் உள்ள சின்னப் போர்ட் ஒன்று போதும். பழுதாகாத பழைய லப்டொப் சார்ஜர் 19 வோல்ட் கொடுக்கும், அதில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வொட்ஸ் வரை கிடைக்கும். அறைக்குள் இது தாராளம். சார்ஜரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

கடைசியாக அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு கல் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் சரியாகப் பொருந்தி நின்று ஆடும், சுவரோரம் அது முட்டும், அறை நடுவில் காணாமலே போகும். ஸ்பீக்கரை மூலைக்குத் தள்ளினால் காசில்லாமல் பேஸ் கூடும், ஆனால் இந்தக் குமுறலும் கூடும். சீமெந்துத் தரையில் விரித்த பாய் கீச்சை மட்டும் கொஞ்சம் குறைக்கும், பஞ்சு மெத்தையும் புத்தக அலுமாரியும் அதைவிட வேலை செய்யும். ஓட்டு வீட்டில் பேஸ் கூரை வழியே கொஞ்சம் போய்விடுவதால் குமுறல் குறைவு, பிளாட் வீட்டில் அதிகம்.

இடம் தேட நல்ல வழி, நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரையில் ஸ்பீக்கரை ஏற்றி வைத்து, பேஸ் உள்ள ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகக் குனிந்து நடப்பது. எங்கே பேஸ் தெளிவாக, ஒவ்வொரு சுருதியும் தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே ஸ்பீக்கர் போகட்டும். எங்கள் வீட்டில் அது யன்னலுக்குக் கீழே, அம்மாவின் தையல் மெஷின் நின்ற இடம். அம்மா ஒருநாள் உட்கார்ந்து ஒரு முழு நாதஸ்வரக் கச்சேரி கேட்டுவிட்டு, மெஷினைத் தானே விறாந்தைக்கு நகர்த்தினார்.