சொந்தக் காரில் வாங்கிய டிக்கெட்டும் கம்பெனிக்குத் தெரியணும்

அமெரிக்காவில் டிரக் ஓட்டும் நம் ஆட்கள் பலர், போக்குவரத்து விதியை மீறியதற்கு போலீஸ் டிக்கெட் கொடுத்தால் போனிலேயே அபராதத்தைக் கட்டிவிட்டு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். டிரக் கம்பெனியில் ஓட்டுநர்களின் ஆவணங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிடிஎல் எனும் கமர்ஷியல் வண்டி ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் அபராதத்தைக் கட்டினாலே, குற்றம் உறுதியானதாகத்தான் கணக்கு. கோர்ட் படி ஏறியிருக்கவே வேண்டாம். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 383.31 விதி. பார்க்கிங் டிக்கெட்டுக்கு மட்டும்தான் விலக்கு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சொந்தக் காரில் போகும்போது வாங்கிய ஸ்பீடிங் டிக்கெட்டும் இதில் அடக்கம். "அது என் சொந்த வண்டிதானே சார்?" என்று கேட்காத ஓட்டுநர் குறைவு. விதி வண்டியைப் பார்ப்பதில்லை, கையில் இருக்கும் லைசென்ஸைத்தான் பார்க்கிறது. எந்தக் கம்பெனியிலும் வேலையில் இல்லாத காலமென்றால், லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. ஒரு தாள் போதும்: முழுப்பெயர், லைசென்ஸ் எண், குற்றம் உறுதியான தேதி, என்ன குற்றம், எந்த இடம், ஓட்டியது கமர்ஷியல் வண்டியா, லைசென்ஸ் முடக்கம் ஏதும் உண்டா, கடைசியில் கையெழுத்து. ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமீபகாலமாக ஒரு தவறான பேச்சு உலவுகிறது. ஆண்டுக்கொரு முறை எல்லா மீறல்களையும் பட்டியலிட்டுக் கம்பெனியிடம் தரும் நடைமுறை 2022 மே மாதத்தோடு நீக்கப்பட்டது உண்மைதான். அதை வைத்து, "இனி எதையும் சொல்ல வேண்டாமாம்" என்கிறார்கள். நீக்கியது அந்த ஆண்டுப் பட்டியலை மட்டும்தான். 30 நாள் விதி அப்படியே இருக்கிறது.

மறைத்தாலும் தெரியாமல் போகாது. 12 மாதத்துக்கு ஒரு முறையாவது எம்விஆர் எனும் ஓட்டுநர் பதிவை நாங்கள் எடுத்தே ஆக வேண்டும். அதில் ஒரே வரியில் தேதி, மாநிலம், குற்றம் எல்லாம் வந்து நிற்கும். ஓட்டுநரின் ஃபைலைத் திறந்தால் அதற்கான கடிதம் இருக்காது. அந்த இடத்தில் டிக்கெட் பின்னால் போய்விடும், ஏன் சொல்லவில்லை என்பதே கேள்வியாகிவிடும். நல்ல ஓட்டுநருக்காக மேலாளரிடம் பரிந்து பேச நான் எப்போதும் தயார். ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் என் பேச்சு எடுபடாது.

லைசென்ஸ் முடக்கப்பட்டால் 30 நாள் என்ற பேச்சே இல்லை. நோட்டீஸ் கிடைத்த மறு வேலைநாள் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். தெரிந்தே உங்களை வண்டி எடுக்க விட்டால் கம்பெனியும் குற்றவாளிதான்.

அனுமதித்த வேகத்தைவிட மணிக்கு 15 மைல் அல்லது அதற்கு மேல் போவது, முன்வண்டியை ஒட்டிப் போவது, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது எல்லாம் 'சீரியஸ்' வகை. கமர்ஷியல் வண்டியில் 3 ஆண்டுக்குள் இப்படி இரண்டு உறுதியானால் 60 நாளும், மூன்றானால் 120 நாளும் கமர்ஷியல் வண்டியைத் தொட முடியாது. அத்தனை நாளும் சம்பளமில்லை, டிரக்கின் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

டிராஃபிக் ஸ்கூல் எனும் போக்குவரத்து விதி வகுப்புக்குப் போனால் குற்றம் பதிவில் வராது என்று நண்பர்கள் சொல்வார்கள். சாதாரண லைசென்ஸ்காரருக்குப் பல மாநிலங்களில் அது நடக்கும். சிடிஎல்காரரின் குற்றத்தை அப்படிப் பதிவிலிருந்து மறைக்க மாநிலங்களுக்கே அனுமதி கிடையாது.

ஆகவே டிக்கெட் கைக்கு வந்த அன்றே, பணம் கட்டும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள். விதி அதைக் கேட்கவில்லை, பல கம்பெனிகளின் கொள்கை கேட்கிறது. வழக்காட இடமிருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்கவும், கோர்ட் தேதிக்கு ஏற்ப உங்கள் லோடை மாற்றிவைக்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.